புகாரில் பெய்த மழை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை நான் பெய்வித்த ஒரு மழையிலிருந்து வந்தது.

அண்ணி போலீசில் கொடுக்க வேண்டிய புகாரைத் தட்டச்சு செய்யும் வேலை என்னிடம் வந்தது. அதில் மழையைச் சேர்த்துவிட்டேன். அன்று ஒரு துளிகூட விழவில்லை. நான் வேதியியல் படித்தவள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கண்ணால் பார்க்காததைப் பதிவேட்டில் எழுதக் கூடாது என்று முதல் நாளே சொல்லித் தந்தார்கள். மூன்று வருடமாக அதை மீறியதில்லை. மீறிய ஒரே தடவை இதுதான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: வானம் கறுத்துக் கிடந்த ஒரு மாலைப் பொழுதில்

[அண்ணி: மத்தியானம் மூணு மணி. வெயில் மண்டையப் பொளந்துச்சு.]

இரண்டாம் முயற்சி: கலங்கிய விழிகளுடன் அவள்

[அண்ணி: யாரு அவ?]

மூன்றாம் முயற்சி: என் அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறார்.

[அண்ணி: ம். இப்ப போ.]

சதுர அடைப்புக்குள் இருப்பது அண்ணியின் கையெழுத்து. வரைவு ஒவ்வொன்றையும் அவர் படிப்பார் என்பது நிபந்தனை. இன்னும் மூன்று உண்டு. பெயர் கூடாது. காருக்குள் நடந்ததை எழுதக் கூடாது. அவரை அழவைக்கக் கூடாது. "அழுதேன்தான். அது உன் கதைக்கு இல்ல" என்றார்.

ஆகவே, காருக்குள் எட்டிப் பார்க்கலாம் என்று வந்திருந்தால் நீங்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். (நினைப்பேன்.)

3

சொல்ல அனுமதி உள்ளவை இவை.

நடக்க முடியாத வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டில் கண்ணாடி சரிபார்த்துவிட்டு, செயலியில் கார் கூப்பிட்டு அண்ணி கடைக்குத் திரும்பினார். ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பின் இருக்கைப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். வழி மாறியது. கிடங்குகளுக்குப் பின்னால் வண்டி நின்றது. பின் கதவுகள் உள்ளேயிருந்து திறக்கவில்லை. அதன் பிறகு

பதினொரு நிமிடம்.

[அண்ணி: பதினொன்னுன்னு ஆப்தான் காட்டுது. எனக்குத் தெரியாது.]

எதிரே ஒரு லாரி வந்தது. அவன் கதவைத் திறந்துவிட்டான். அண்ணி இறங்கி நடந்தார். கையிலிருந்த போன் அதிர்ந்தது. 'உங்கள் பயணம் எப்படி இருந்தது?' ஐந்து நட்சத்திரங்கள் வரிசையாகக் காத்திருந்தன.

அண்ணி செயலியிலேயே முறையிட்டார். இரண்டு நாளில் பதில் வந்தது. அசௌகரியத்துக்கு வருந்துகிறார்களாம். ஐந்து இலவசப் பயணங்கள் தருகிறார்களாம். கீழே, 'ஏற்கிறேன்' என்று ஒரு பச்சைப் பொத்தான். அதற்கும் கீழே எறும்பு அளவு எழுத்தில், இத்துடன் இந்த விஷயம் முடிந்தது என்று ஒரு வரி. கடையில் எறும்பெழுத்தை வைத்துத்தான் அண்ணி ஊராரின் கண்ணைச் சோதிக்கிறார். அதனால் அது தப்பவில்லை.

"அஞ்சு தடவ ஓசியில ஏத்திட்டுப் போவாங்களாம். அதே மாதிரி கார்ல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சிரி நாத்தனாரே. நானே சொல்லிட்டேன்ல."

அண்ணன் எங்கே என்று கேட்பீர்கள். முதல் நாள், "அவனைக் கொன்னுடறேன்" என்றார். மறுநாள், "எதுக்கும் ஒரு தடவ யோசிச்சுக்கலாம்" என்றார். அண்ணன் அடுத்த அறையில் இருக்கிறார். தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன்.

4

நாங்கள் தேடிப் போன வக்கீலம்மாவின் அறை நகலெடுக்கும் கடைக்கு மேலே. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசைமேல் பேனா தானாக நகரும்.

நான் தட்டச்சு செய்த புகாரை அவர் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றார்.

"'சடசடவெனக் கூரையில் அறைந்த மழை அவள் குரலை விழுங்கியது.' யாரோட குரல்?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் பேனா நகர்வதைப் பார்த்தேன்.

"அன்னிக்கு மழை பெஞ்சுதா?"

"இல்லீங்க" என்றார் அண்ணி. "எங்க நாத்தனார் கதை எழுதுவா."

"நீ என்னம்மா படிச்சிருக்க?"

"கெ... கெமிஸ்ட்ரி."

"நல்ல வேளை. இலக்கியம் படிச்சிருந்தா வெள்ளமே வந்திருக்கும்."

அண்ணி சிரித்தார். வக்கீலம்மா சிரிக்கவில்லை.

"எதிர்ப்பக்க வக்கீல் அன்னிக்கு வானிலை அறிக்கையத்தான் முதல்ல எடுப்பார். மழை பொய்னா மத்ததும் பொய்யின்னு சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உங்க அண்ணிக்கு இருக்கிறது அவங்க வார்த்தை ஒண்ணுதான். அதுல போய் தண்ணி கலந்திருக்க."

தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது என் தொழில்.

5

(இந்தப் பகுதியில் கதை நகராது. தாண்டிப் போகலாம். ஆனால் உங்கள் போனிலும் அந்தச் செயலி இருக்கும் என்று நினைக்கிறேன்.)

"மூணு வழி இருக்கு" என்றார் வக்கீலம்மா. "போலீஸ் புகார், அது குற்ற வழக்கு. செஞ்சவனுக்குத் தண்டனை. ரெண்டாவது சிவில் வழக்கு. அவன் மேலயும் போடலாம், கம்பெனி மேலயும் போடலாம். 'அவர் எங்க ஆள் இல்ல, நாங்க வெறும் ஆப்'னு சொல்லுவாங்க. யாரை வண்டியில ஏத்தினீங்க, சரி பாத்தீங்களா, முன்னாடி அவன் மேல புகார் வந்துச்சான்னு நாம கேப்போம். மூணாவது, கம்பெனியோட சமரசம். அதுல பெரும்பாலும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை இருக்கும்."

"ஒண்ணைத்தான் எடுக்கணுமா?"

"முதல் ரெண்டும் சேந்தே போகலாம். ரெண்டுக்கும் கெடு உண்டு, தள்ளிப் போடக் கூடாது. பச்சைப் பொத்தானை மட்டும் அழுத்திடாதீங்க. பயணப் பதிவை அழிக்கக் கூடாதுன்னு இன்னிக்கே கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பறேன்."

"ஆப் போடறப்ப ஒரு சம்மதம் அழுத்தினேனே?"

"கோர்ட்டுக்குப் போக மாட்டேன்னு அதுல ஒரு வரி இருக்கலாம். படிச்சீங்களா?"

"இல்ல."

"யாருமே படிக்கறதில்ல. எழுதினவரே படிச்சிருக்க மாட்டார். இந்த மாதிரி விஷயத்துக்கு அது செல்லாதுன்னு வாதாடலாம்."

அண்ணி கம்பெனியிடமிருந்து அன்று காலை வந்த இன்னொரு கடிதத்தைக் காட்டினார். செயலியில் அந்த வண்டிக்கு இருந்த ஓட்டுநர் கணக்கின் சொந்தக்காரர் அன்று தான் வண்டியே ஓட்டவில்லை என்கிறாராம்.

"ஆப்ல இருந்த படமும் ஓட்டினவனும் ஒரே ஆளா?"

"இல்ல. ஏறினப்ப நான் வண்டி நம்பரைத்தான் பாத்தேன், படத்தை அப்புறம்தான் பாத்தேன். ஆனா ஓட்டினவனை எங்க பாத்தாலும் சொல்லிடுவேன். அவன் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியில இடது காதுக் கம்பிக்குத் திருகாணி இல்ல. செம்புக் கம்பியை முறுக்கி விட்டிருந்தான். மூணு சுத்து."

வக்கீலம்மா பேனாவைப் பிடித்து நிறுத்தினார். "இதை ஏன் எழுதல?"

அண்ணி என்னிடம் சொல்லியிருந்தார். விறுவிறுப்பு குறைகிறது என்று நான்தான் நீக்கியிருந்தேன். மழையை வைத்துக்கொண்டு கம்பியை எடுத்துவிட்டேன்.

நீக்கியது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது.

6

அண்ணி அங்கேயே உட்கார்ந்து தன் கையால் மறுபடி எழுதினார். மூன்று பக்கம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் 'அதன் பிறகு நான்' என்று எழுதி நின்றுவிட்டார்.

என்னிடம் நாலைந்து சொற்கள் தயாராக இருந்தன. நல்ல சொற்கள்கூட. வக்கீலம்மா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். விழுங்கிவிட்டேன்.

"ஞாபகம் இல்லன்னா ஞாபகம் இல்லன்னே எழுதுங்க" என்றார் அண்ணியிடம். "யாரும் குறை சொல்ல முடியாது."

அண்ணி ஒற்றைக் கோட்டால் அந்த மூன்று சொற்களை அடித்தார். பக்கத்தில் கையெழுத்திட்டார். எங்கள் பரிசோதனைக் கூடத்திலும் அப்படித்தான் அடிப்போம், அடித்தது தெரியும்படி. கீழே, 'எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை' என்று எழுதினார்.

நான் படித்ததில் ஆகச் சிறந்த வாக்கியம்

[அண்ணி: ஆரம்பிச்சுட்டியா.]

7

முடிவுகள்.

அ. கம்பி முறுக்கிய கண்ணாடியோடு அவன் பிடிபடுகிறான். நீதிபதி

ஆ. அண்ணி சமரசத்தில் கையெழுத்திடுகிறார். வாய் திறக்கக் கூடாது என்பதால் இந்தக் கதை இல்லை. நீங்கள் படிப்பது வெற்றுத் தாள்.

இ. வழக்கு ஏழு வருடம் நடக்கிறது. கூச்ச சுபாவம் உள்ள நாத்தனார் அதற்குள் சரளமாகப் பேசப்

[அண்ணி: இ நடக்கவே நடக்காது. மூணையும் அடி.]

அடித்துவிட்டேன். இப்படிப்பட்ட கதைகளில் முடிவை வாசகரிடம் கொடுப்பது வழக்கம், கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"அவங்க எனக்கு என்ன வேணும்? மாமனா, மச்சானா?"

மன்னிக்கவும். முடிவு உங்களுக்கும் இல்லை.

8

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இன்று காலை அண்ணி பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் மங்கலாக இருந்த 'மறுக்கிறேன்' என்பதைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினார். மூன்று பக்கங்களையும் உறையில் வைத்தார்.

"நீயும் வா" என்றார்.

"அண்ணி, எனக்குப் பேச வராது."

"அதுக்குத்தான் கூப்பிடறேன். பேசற ஆளுங்களப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு."

கூப்பிடாமலே அண்ணன் வந்தார். குடை ஒன்றை நீட்டினார்.

"மழையா?" என்றார் அண்ணி, என்னைப் பார்த்துக்கொண்டே.

"வெயிலுக்கு" என்றார் அண்ணன். பிறகு, "நானும் வரட்டுமா?"

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வாங்க."

வந்தார். பேருந்து வரும்வரை குடையை அவரே பிடித்திருந்தார்.

காவல் நிலையத்தில் வக்கீலம்மா எங்களுக்கு முன்பே வந்திருந்தார். சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. பெண் அதிகாரி ஒருவர் கதவைத் திறந்து, "யார் புகார் கொடுக்கணும்?" என்றார்.

"நான்தான்" என்று அண்ணி எழுந்தார். குடையை என் மடியில் வைத்தார். வக்கீலம்மாவும் அவரும் உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கிறது. சொற்கள் புரியவில்லை. புரியாததை நான் எழுதப் போவதில்லை.

நீங்கள் இன்னும் போகவில்லையா? சரி, உட்காருங்கள், இடம் இருக்கிறது. குடையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே நல்ல வெயில்.