ஒன்றும் செய்யாத வெள்ளை நட்சத்திரம்

ஊரில் பாதிப் பேருக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி மாட்டிவிட்டவர் அந்தக் கண்ணாடிக் கடைக்காரர். தான் மட்டும் ஐம்பத்திரண்டு வயதிலும் வெறுங்கண்ணோடு திரிவதில் அவருக்குப் பெருமை பிடிபடாது.

விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய தங்கை வானாய்வு நிலையம் ஒன்றில் நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளப்பவள். முதல் நாள் நன்றாக இருட்டியதுமே அண்ணனையும் அண்ணியையும் மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பளிச்சுனு ரெண்டு இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல மங்கலா, வெள்ளையா ஒண்ணு. ஆறு வருஷமா அதை வச்சுத்தான் மத்ததை அளக்கிறேன். வெறுங்கண்ணுக்கே தெரியும், ஆனா மட்டுமட்டா."

"அதுல அப்படி என்ன விசேஷம்?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி. நம்ம சூரியன் மாதிரியே உள்ளுக்குள்ள ஹைட்ரஜனை எரிச்சுக்கிட்டு, வெளிச்சம் கூடாம குறையாம, அது பாட்டுக்குக் கிடக்கு. வேற எதுவும் பண்ணாது. அதான் அளவு பாக்கத் தோது."

"அப்ப உங்க அண்ணனுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு சொல்லு."

கடைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நொடி அண்ணாந்து பார்த்தார். "அதோ! பட்டாணி கணக்கா தெரியுதே!"

"எனக்குத் தெரியலை" என்றாள் மனைவி.

அவ்வளவுதான். அடுத்த நான்கு நாட்களும் அவளை ஒரு வழி பண்ணிவிட்டார். சாப்பிடும்போது, "இது உப்பு, இது சர்க்கரை, தெரியுதுல்ல?" என்பார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தன் கண்ணின் பெருமையைப் பாடினார். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்த மனைவி அன்று முதல் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தாள்.

ஐந்தாம் நாள் இரவு மாடியில் தங்கை ஆளுக்கொரு காகிதம் கொடுத்தாள். "பாத்ததை வரைங்க."

அண்ணன் இரண்டு நட்சத்திரங்களுக்கும் மேலே கொழுத்த புள்ளி ஒன்றை வைத்தார். அண்ணி தயங்கித் தயங்கி இடப்பக்கம் கீழே சின்னதாக ஒன்று வைத்தாள்.

"இது நட்சத்திரம் இல்லம்மா. என் கண்ணுலதான் ஏதோ கோளாறு. கொடியில துணி எடுக்கத் திரும்பினா ஓரத்துல ஒரு புள்ளி தெரியுது, நேரா பாத்தா காணாமப் போயிடுது. என் வேலையே கண்ணை நம்பித்தான். அதான் பயமா இருக்கு."

தங்கை அவளைக் கட்டிக்கொண்டாள். "அதேதான் அண்ணி நட்சத்திரம்! இருட்டுல மங்கலானதை நேரா பாத்தா மறைஞ்சுடும், கொஞ்சம் ஓரமா பாத்தாதான் அகப்படும். எல்லாருக்கும் அப்படித்தான்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ வரைஞ்ச இடத்துல வெறும் வானம்தான்ணா இருக்கு."

மறுநாள் மனைவி கடைக்கு வந்து அவரை அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தார்.

"இப்பக் கண்ணை மூடிக்கிட்டுப் படிங்க."

அவர் மூடிக்கொண்டும் ஒப்பித்தார். பாதியில்தான் சுதாரித்தார்.

மனைவி காலண்டர் தாளின் பின்புறம் தன் கையால், வரிக்கு வரி எழுத்தைச் சிறிதாக்கி, நாலு வரி எழுதி மாட்டினாள். இரண்டாம் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது.

"ரெண்டு வருஷமாவே அப்படித்தான்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "கண்ணாடிக்காரனுக்கே கண்ணு தெரியலைன்னு சிரிப்பாங்கன்னுதான்... உன்னை வேற பாடாப் படுத்திட்டேன்."

"சிரிக்கத்தான் செய்வாங்க. நான் முதல்ல சிரிச்சுக்கிறேன்" என்று அவள் சிரித்தாள். பிறகு கடையிலேயே பெரிய, வட்டமான சட்டத்தை எடுத்து அவர் மூக்கில் வைத்தாள்.

"ஆந்தை மாதிரி இருக்கேன்டி."

"ஆந்தைக்கு இருட்டுல நல்லாத் தெரியும்ங்க."

கண்ணாடி தயாரான அன்று இரவு மூவரும் மாடியேறினார்கள். கடைக்காரர் வெகுநேரம் தேடினார். "தெரியலை" என்று ஒளிக்காமல் மூன்று தடவை சொன்னார். நான்காம் தடவை தங்கையிடம் ஏதோ கேட்கத் திரும்பியவர், "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கத்தினார். உடனே, "அடச்சே, நேரா பாத்துட்டேன்!" என்றார்.

அவர்கள் கீழே இறங்கியபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது.