வெள்ளிக்கிழமை இரண்டு மணி

நந்தினி வந்த முதல் நாளே எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மேல்விஷாரத்தில் எங்கள் ஷூ ஃபேக்டரி ஆபீசில் இருபத்து நான்கு கம்ப்யூட்டர். பதினான்கு வருஷமாக அத்தனைக்கும் நான்தான் இன்சார்ஜ். ஒன்று மக்கர் செய்தால் போதும், "பில்கிஸக்கா" என்று குரல் வரும். கட்டிங்கிலிருந்து ஒரு குரல், ஸ்டோர்ஸிலிருந்து ஒரு குரல். "உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா" என்று சலித்துக்கொண்டேதான் எழுந்து போவேன். சலிப்பெல்லாம் சும்மா. யாரும் கூப்பிடாத நாளில்தான் எனக்கு நிஜமாகவே பேஜாராக இருக்கும்.

கம்ப்யூட்டர்கள் பழசாகி, ஒவ்வொன்றும் திறக்கவே பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டன. புதிது வாங்க முதலாளிக்கு மனசில்லை. மேனேஜர் வக்கார் அகமது எங்கேயோ விசாரித்து இந்தப் பெண்ணைக் கூட்டிவந்தார். கணியம்பாடிக்காரி, இருபத்து நான்கு வயது, பள்ளிக்கூடங்களுக்கு கம்ப்யூட்டர் லேப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள். எதையும் தூக்கிப் போட வேண்டாம் என்றாள். பழைய பெட்டிகளின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடலாமாம். ஒரே ஒரு நல்ல சர்வர். பெட்டியை ஆன் செய்தால் அது வயர் வழியாக சர்வரிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு திறக்கும். வேலை நடப்பது முழுக்க சர்வரில். மேசைமேல் இருப்பது வெறும் திரையும் கீபோர்டும். இதற்குப் பெயர் தின் கிளையன்ட். உள்ளே ஓடுவது லினக்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நமக்கு வேண்டியபடி திருத்திக்கொள்ளலாம், தம்பிடி தர வேண்டியதில்லை. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை, ஏதோ இவளே உட்கார்ந்து எழுதியதுபோல.

வக்கார் சார் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் ஒரு தகராறும் இல்லாமல் ஓடினால் சிஸ்டம் ரூம் நந்தினிக்கு. நான் ஸ்டோர்ஸில் என்ட்ரி போடப் போக வேண்டும். ஓடாவிட்டால் பழைய ஹார்ட் டிஸ்க்கையெல்லாம் மாட்டிவிட்டு அவளை அனுப்பிவிடுவார்.

திங்கள் ஓடியது. செவ்வாய் ஓடியது. புதன்கிழமை பேக்கிங் செக்‌ஷன் நசீமுன்னிசா என்னிடமே வந்து, "பட்டனைத் தட்டுனா ஒரு நிமிஷத்துல வருதுக்கா, நல்ல கெட்டிக்காரப் பொண்ணு" என்றாள். பதினான்கு வருஷம் இவள் கூப்பிட்டபோதெல்லாம் ஓடியிருக்கிறேன். சிரித்துவிட்டு பாத்ரூமில் போய் நின்றேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூன்று நாளாக ஒரு குரல்கூட என்னைக் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நந்தினி என்னிடம் வந்தாள். எல்லா வயரும் வந்து சேருகிற நெட்வொர்க் சுவிட்ச் பழசு, மெதுவானது என்றாள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக ஆன் செய்வார்கள். அந்த நேரத்தில் இந்த மாதிரி சுவிட்ச் மூச்சு முட்டிப் போகும், அதனால் அங்கே வேறு போடுவார்களாம்.

"இங்க எல்லாரும் ஒண்ணா ஆன் பண்ற நேரம்னு ஏதாச்சும் இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பஸ்ஸு ஒவ்வொண்ணா வரும், அவங்கவங்க வந்து ஆன் பண்ணிக்குவாங்க," என்றேன்.

காலையைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் ஊர் ஃபேக்டரிகளில் ஜும்மாவுக்காகப் பன்னிரண்டரைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். எங்கள் ஆபீசில் சிஸ்டம் ரூம் தவிர மற்றதுக்கெல்லாம் வாட்ச்மேன் மெயினையே இறக்கிவிடுவார். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போவார்கள். நாங்கள் பின் அறையில் தொழுதுவிட்டுச் சாப்பிடுவோம். இரண்டு மணிக்குச் சங்கு ஊதும். எல்லாரும் ஒன்றாக வந்து உட்கார்ந்து இருபத்து நான்கு பட்டனையும் ஒன்றாகத் தட்டுவார்கள். இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். தெரிந்துதான் இல்லை என்றேன்.

மறுநாள் தொழுகையில் நின்றபோதுகூட என் மனசு கடிகாரத்தில்தான் இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

சங்கு ஊதியது. ஐந்து நிமிஷத்தில் ஆபீஸ் முழுக்கக் கறுப்புத் திரை. சிலர் அணைத்து அணைத்துப் போட்டார்கள், அது இன்னும் மோசமாயிற்று. பிறகு அந்தக் குரல் வந்தது. "பில்கிஸக்கா, இங்க வாங்க." இன்னொன்று. இன்னொன்று. பெருநாள் பிறை பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

வாசலில் கன்டெய்னர் லாரி நின்றது. பேக்கிங் லிஸ்ட் பிரின்ட் எடுத்துக் கொடுத்தால்தான் அது துறைமுகத்துக்குக் கிளம்பும். வக்கார் சார் தொழுத தொப்பியோடு அப்படியே ஓடிவந்தார். நந்தினியைப் பார்த்து, "போதும்மா. திங்கக்கிழமை பழசையே மாட்டிக்கலாம்," என்றார். நான் ஜெயித்துவிட்டேன். அடுத்த வார்த்தை என்னைப் பார்த்து வந்தது. "பில்கிஸ், பேக்கிங் மெஷினை மட்டுமாவது இப்ப எழுப்பு."

நசீமுன்னிசாவின் மேசைக்குப் போனேன். பட்டனை அமுக்கினேன். வயரைப் பிடுங்கிச் சொருகினேன். திரையில் ஓடிய வெள்ளை எழுத்தில் ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை. எப்போது விழும் என்பது தெரிந்ததே தவிர, எப்படித் தூக்குவது என்று தெரியவில்லை. எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நந்தினி சுவிட்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, எல்லா விளக்கும் ஒன்றாகத் துடிப்பதைப் பார்த்தாள். எழுந்து எல்லாரிடமும் பெட்டியை அணைக்கச் சொன்னாள். பேக்கிங்கை மட்டும் ஆன் செய்தாள். ஒரு நிமிஷத்தில் திறந்தது. அப்புறம் நான்கு நான்காக மற்றவை. இரண்டரைக்குப் பேக்கிங் லிஸ்ட் வந்து லாரி கிளம்பியது. வக்கார் சார் சனிக்கிழமை முடியட்டும், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சிஸ்டம் ரூமில் நாங்கள் இருவரும்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

"நேத்து கேட்டேனேக்கா. உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும். தெரிஞ்சிதான் சொல்லல. உன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுது, போதுமா? போய் சார்கிட்ட சொல்லிக்கோ."

"சொன்னா உங்கள அனுப்பிடுவாங்க. அப்புறம் இந்த ஃபேக்டரியில வேற எப்ப எப்ப இன்னா நடக்கும்னு எனக்கு யாருக்கா சொல்லுவாங்க?"

நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன். நோன்பு மாதத்தில் நேரம் மாறுவது, வெளிநாட்டுக்காரர்கள் வரும் நாளில் ஆபீசே கூடி உட்காருவது, ஜெனரேட்டர் மாற்றும்போது கரன்ட் துள்ளுவது, எல்லாம். பதினான்கு வருஷத்தை ஒரு மணி நேரத்தில் அவள் கீபோர்டில் தட்டி முடித்துவிட்டாள்.

சனிக்கிழமை தகராறில்லாமல் போயிற்று. சிஸ்டம் ரூம் அவளுக்கு என்று வக்கார் சார் எழுதிக் கொடுத்தார். அவள் கேட்டதால் நான் ஸ்டோர்ஸ் போகவில்லை, அதே ரூமில் அவளுக்குக் கீழே.

அடுத்த வெள்ளிக்கிழமை சங்கு ஊதியது. இருபத்து நான்கு பட்டனும் ஒன்றாகத் தட்டப்பட்டன. நந்தினி சர்வரில் ஏதோ எழுதிவைத்திருந்தாள். பெட்டிகள் தங்கள் முறைக்குக் காத்திருந்து நான்கு நான்காகத் திறந்தன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

"எல்லாம் நீங்க சொன்னதுதான்க்கா," என்றாள் என் பக்கம் திரும்பி.

அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. எனக்கு மட்டும் தெரிந்திருந்தது என்று ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையும் என் வாயாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

சற்று நேரத்தில் நசீமுன்னிசா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மெஷினுக்கு என்ன ஆயிற்றோ என்று நான் பாதி எழுந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய், "நந்தினி, டீ குடிச்சியாம்மா?" என்று கேட்டாள். பதினான்கு வருஷத்தில் என்னை ஒருநாள்கூட அவள் அப்படிக் கேட்டதில்லை.