லொறி கேட்ட ஒப்பாரி

ஹட்டன் சங்க ஆபீஸ் மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு நடக்கும். தேயிலைத் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் எப்படிக் கேட்பது, அவர் மசியாவிட்டால் ஊரையே எப்படிப் பேச வைப்பது என்று சூசைரட்ணம் மாஸ்டர் சொல்லிக்கொடுப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் எந்தத் துரையும் அவரை வேலையை விட்டு நிறுத்த முடியாது. கொழுந்து பறிக்கிறவளுக்கு அப்படியா? வாயைத் திறந்தால் வேலை போகும், மூடினால் உயிர் போகும்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பூரணி அப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். போன மாதம் பிரசவ வலி கண்ட மீனம்மாவைக் கம்பளியில் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். கொழுந்து ஏற்றுகிற லொறி அப்போது தேயிலை ஸ்டோர் வாசலில் சும்மா நின்றது. அடுத்து பிள்ளை பெறப் போகிறவள் பூரணி.

“வேலைய நிப்பாட்டுவோமுங்களா?” என்று கேட்டாள்.

“நிப்பாட்டினா அத்தனை பேரையும் வெளிய போடுவாங்க. துரையால தடுக்க முடியாத காரியமா யோசிங்க.”

“எழவுக்கு ஒப்பாரி வைக்கிறத யாருங்க தடுப்பா?”

மாஸ்டர் துள்ளிக் குதிக்காத குறை. ஒரே இடம், பிரசவத்துக்கு லொறி என்ற ஒரே கோரிக்கை, ஏச்சுப்பேச்சு கூடாது, துரை பேரே பாட்டில் வரக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பழக்கினார்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பெண்கள் மீனம்மாவை நினைத்து மாரடித்து அழுதார்கள். ஒப்பாரி அடிகளைக் கட்டிக்கொடுத்தவள் பூரணி. ஆனாலும் அவள் எட்டவே நின்றாள். வாயும் வயிறுமாக இருப்பவள் ஒப்பாரி வைக்கலாமா? கேட்பதே ஆகாது என்பார்கள்.

துரை நாயைப் பிடித்துக்கொண்டு பார்த்தார், போனார். கல்லுப் பிள்ளையார் கூட அதைவிடச் சீக்கிரம் இரங்குவார். மூன்று நாள் பொறுத்த கணக்கப்பிள்ளை செல்லசாமி நான்காம் நாள் வாயைத் திறந்தான்.

“காரியம் முடிஞ்ச எழவுக்கு இன்னும் என்னடி அழுகை? செத்தவ ஆத்மா சாந்தியடைய வேணாமா?”

அவன் சொன்னது முறைதான். மாஸ்டர் பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. பூரணியின் நாத்தனார் ராக்காயி முந்தானையை உதறிக்கொண்டு கூடையை எடுத்துவிட்டாள். விட்டால் எல்லாம் போச்சு என்று பூரணிக்குத் தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுக்களத்துக்கு வந்தாள்.

“கொழுந்துக்கு லொறி இருக்கு, என்
குலக்கொழுந்துக்கு இல்லியே!
பாதி வழியில சாகப்போற
பாவி மக பூரணியே!”

“ஐயோ, அவ வாயப் பொத்துங்கடி!” என்று ராக்காயி ஓடிவந்தாள். பூரணி அவள் கையைத் தட்டிவிட்டுப் பாடினாள். உயிரோடு இருக்கிறவள் தனக்கே ஒப்பாரி வைப்பதை அந்த மலையில் யாரும் கண்டதில்லை. ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள். செல்லசாமியும் ஓரடி பின்வாங்கினான். அவளுக்கும் பயம்தான், பிள்ளைக்குத் தானே நாள் குறிக்கிறோமோ என்று. ஆனாலும் நிறுத்தவில்லை.

சேதி பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஹட்டன் கடைத்தெருவுக்கும் பரவியது. எந்தத் தோட்டத்துத் துரை என்று ஊரெல்லாம் கேட்டது. சனிக்கிழமை செல்லசாமி களத்தில் நின்று உத்தரவைச் சொன்னான். வேலையாட்களின் பேரேடான செக்றோலில் பேர் உள்ள பெண்களுக்குப் பிரசவ நேரத்தில் லொறி கிடைக்கும். களத்தில் கலகம் செய்த பூரணியின் பேர் மட்டும் செக்றோலிலிருந்து வெட்டப்படுகிறது.

பெண்கள் கும்பிட்டார்கள், பிறகு பூரணியைப் பார்த்தார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள். இனி வாயைத் திறந்தால் வந்த லொறியும் போய்விடும். அவர்களைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. துரையும் எங்கோ வகுப்புக்குப் போயிருக்கிறார் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வகுப்பில் மாஸ்டர் அவளை எழுப்பி நிறுத்தினார். மாடியே கைதட்டியது.

“இது பெரிய வெற்றி. பூரணிய வேலைக்குத் திரும்ப எடுக்கணும்னு அடுத்த போராட்டத்த ஆரம்பிப்போம். ஆறு மாசத்துல முடிச்சுடலாம்.”

“நல்லதுங்க மாஸ்டர்,” என்றாள் பூரணி. “அதுவரைக்கும் உள்ளயே இருக்கச் சொல்லி என் பிள்ளைக்கும் ஒரு பாடம் எடுங்க.”