மூன்றாவது கிளை

எத்தியோப்பியாவின் குராகே கிராமங்களில் ஆறு வருடம் அலைந்து நான் சேகரித்த எங்கள் மொழிச் சொற்களை மொழியியல் அறிஞர் டாக்டர் லெம்மா தன் பெயரில் புத்தகமாகப் போட்டுக்கொண்டார். நன்றியுரையில் என்னைக் கார் ஓட்டுநர் என்று எழுதியிருந்தார். அடுத்த புத்தகத்துக்கும் என்னையே கூப்பிட்டார். போனேன்.

முதலில் அவரை அழைத்துப் போனது குராகே பகுதியிலிருக்கும் என் சொந்த ஊருக்கு. அன்று அங்கே திருவிழா. தேவதைக்கு நேர்ந்துவிட்ட பெண்கள் அந்த நாட்களில் ஊர்மொழி பேசமாட்டார்கள். தங்களுக்கென்று வைத்திருக்கும் ரகசியப் பேச்சில்தான் பதில் சொல்வார்கள். என் தங்கை ஜெபிதாரும் அவர்களில் ஒருத்தி. அவள் பேசியதை டாக்டர் பதிவு செய்தார்.

“என்னய்யா இது, அம்ஹாரிக் மொழியோடயும் ஒட்டல, திக்ரின்யா மொழியோடயும் ஒட்டல! இதுதான் இந்த ஊர்மொழியா?”

“நான் வெறும் டிரைவர். எனக்கென்ன தெரியும், டாக்டர்?”

எட்டு மாதம் கழித்து, அடிஸ் அபாபாவில் அறிஞர்கள் நிறைந்த அரங்கம். எத்தியோப்பியச் செமிட்டிய மொழிகளுக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டே கிளைகள். டாக்டர் மூன்றாவதாக ஒன்றை வரைந்து, அதற்குத் தன் பெயரையே சூட்டினார். கைதட்டல் அடங்கியதும், நான் அழைத்து வந்திருந்த ஜெபிதார் எழுந்தாள்.

“அது மத்தவங்களுக்குப் புரியக்கூடாதுன்னு திருவிழாவுல நாங்க பேசுறது, டாக்டர். எங்க ஊர்மொழி உங்க முதல் புத்தகத்துலயே இருக்கே. எங்க அண்ணன் எழுதினதாச்சே, நீங்க படிக்கலையா?”

அரங்கம் சிரித்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேடையேறி, கார் சாவியை அவர் முன்னால் வைத்தேன்.

“இனிமே நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க.”