குட்டி ஸ்கோப்புக்கு இரண்டாம் சாட்சி

மச்சினன் பறவை பார்க்கும் அந்தக் குட்டி ஸ்கோப்பைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தபோதே கண்ணாடிக்காரருக்கு வயிறு எரிந்தது. தோள்பையிலிருந்து எடுத்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். கைக்குட்டையை உருவுவதுபோல உருவினான் பாவி.

கண்ணாடிக்காரர் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பறவை நோக்கர் சங்கத்தின் செயலாளரும்கூட. சங்கத்தில் மொத்தம் பதினோரு பேர். அதில் நாலு பேர் தேநீருக்காக மட்டும் வருபவர்கள். அவருடைய தொலைநோக்கி முக்காலியோடு சேர்த்து ஐந்து கிலோ. அதைச் சுமந்து வந்து, காலை விரித்து, திருகாணியை முடுக்கி, லென்ஸைத் துடைத்து நிமிர்வதற்குள் பறவை குளித்து, சாப்பிட்டு, இன்னொரு ஏரிக்குக் குடிபோயிருக்கும். ஆனாலும் கருவி என்றால் கனக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பல் டாக்டரான மச்சினன் பறவை பார்க்கத் தொடங்கி ஆறே வாரம்.

அதையாவது மன்னிக்கலாம். இருபத்திரண்டு வருடங்களில் ஒருநாள்கூட ஏரிப்பக்கம் எட்டிப் பார்க்காத மனைவி, தம்பி கூப்பிட்டதும் கிளம்பி வந்துவிட்டாள். அதுவும் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு.

"இந்தாக்கா, நீயே பிடிச்சுப் பாரு. உன் ஹேண்ட்பேக்கவிட லேசு."

"அட, ஆமாண்டா! இவ்வளவுதானா? உங்க மாமா என்னமோ பீரங்கி கணக்கா ஒன்னத் தூக்கிட்டு அலையறாரே!"

ஏரிக்கரைப் பலகைக் குடிலின் ஜன்னலோரம் முக்காலியை ஊன்றிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர், ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணியை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினார்.

"வெளிச்சத்துல பொம்மைக்கட ஸ்கோப்புலகூடத் தெரியும் மாப்ளே. பொழுது சாயட்டும். அப்பத்தான் முன் லென்ஸோட அகலம் பேசும். உன்னுது அம்பது மில்லி. என்னுது எண்பது."

"பேசட்டும் மாமா, கேட்டுக்கறேன்," என்றான் மச்சினன். ஊசி போடுவதற்கு முன் நோயாளிகளிடம் காட்டும் அதே இனிமை.

பொழுது சாய்ந்தது. மூன்று வருடமாக அவருக்கு டிமிக்கி கொடுத்துவரும் பட்டைக் கானாங்கோழி நாணலை விட்டு வெளியே வருவது இந்த அரை மணி நேரத்தில்தான். இன்று அதை அவர்தான் முதலில் பார்க்க வேண்டும். மனைவி "அடடா" என்றால் அது அவரைப் பார்த்துச் சொன்னதாக இருக்க வேண்டும். கருவியின் உருப்பெருக்கத்தை வழக்கம்போல அறுபது மடங்கில் வைத்துக் கண்ணைப் பதித்தார். தார் டின்னுக்குள் எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது.

"பனி இறங்குது," என்றார்.

"மாமா, நாணல் ஓரமா ஏதோ நடக்குது. அக்கா, பாரேன்!"

"அடடா!" என்றாள் மனைவி, தம்பியைப் பார்த்து. "மூக்கு செக்கச்செவேல்னு இருக்குடா!"

கண்ணாடிக்காரருக்குக் காது மடல் சுட்டது.

"நீங்களும் பாத்துட்டீங்கன்னா சங்கத்து ஏட்டுல ஏத்திடலாம் மாமா. அக்கா சங்கத்துல இல்லையே."

பொழுது சாய்ந்த பிறகு பார்த்ததை, இன்னொரு உறுப்பினரும் பார்த்துச் சாட்சிக் கையெழுத்து போட்டால்தான் ஏட்டில் ஏற்றலாம். இது சங்கத்தின் விதி. எழுதியவர் அவரேதான்.

குனிந்தார். குட்டி ஸ்கோப்புக்குள் கானாங்கோழி நின்றது. விலாப் பட்டைகளை எண்ணிவிடலாம்போலத் தெளிவு. இடது காலைத் தூக்கி, வாலை ஒரு வெட்டு வெட்டியது. மூன்று வருடக் காத்திருப்பு, அடுத்தவன் கருவியில்! அதன் பெருக்க வளையத்தைப் பார்த்தார்: பன்னிரண்டு. சட்டென்று புரிந்துவிட்டது. பெருக்கம் குறைந்தால் வெளிச்சம் கூடும். நாள் முழுக்க லென்ஸோடு மல்லுக்கட்டுகிற அவர், எண்பது மில்லிக் கண்ணின் கழுத்தை அறுபதில் வைத்து நெரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நிமிர்ந்தார். "ஒன்னும் தெரியல. ஒரே இருட்டு."

"அப்படியா?" மச்சினன் முகம் வாடியது. அவருக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. "சரி, நான் பாத்தத மட்டுமாவது குறிச்சு வெக்கறேன்." செல்போன் வெளிச்சத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான்: "மூக்கு சிவப்பு. விலாவில் வெள்ளைப் பட்டை. கால் பச்சை..."

"பச்சையா?" கண்ணாடிக்காரர் துள்ளிவிட்டார். "பழுப்புடா! இடது காலத் தூக்கிட்டு நின்னுதே, அப்பக்கூடத் தெரியலையா? இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு எந்தப் பல்லப் பிடுங்கற நீ?"

மச்சினனின் பேனா பாதியில் நின்றது.

"ஏங்க," என்றாள் மனைவி மெதுவாக, "அந்த ஒரே இருட்டுல இடது காலு எதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

மச்சினன் வாயைத் திறக்காமல் ஏட்டையும் பேனாவையும் நீட்டினான். அதுதான் இன்னும் எரிந்தது. முதல் கட்டத்தில் அவன் பெயர். இரண்டாம் கட்டத்தில் இவர் கையெழுத்து. குறிப்புக் கட்டத்தில் 'கால் பழுப்பு, செயலாளர் திருத்தம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

அதற்குள் மனைவி மறுபடியும் குட்டி ஸ்கோப்பில் குனிந்திருந்தாள். "டேய், குஞ்சுங்களையும் கூட்டிட்டு வருதுடா!"

அவருக்கும் பார்க்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. தன் வளையத்தைக் குறைத்தால் மச்சினன் கண்ணில் பட்டுவிடும். அறுபதிலேயே கண்ணை வைத்து இருட்டை உற்றுப் பார்த்தார்.

"ஆமாமா," என்றார் கம்பீரமாக. "தெரியுது. ரெண்டு குஞ்சு."

"நாலுங்க," என்றாள் மனைவி.