நானூறு வீட்டுச் சீர்

உங்கள் வீட்டிலிருந்து சீர் போகும்போது, தட்டில் ஒரு சாமான் குறைந்தால் பரவாயில்லை என்று நீங்கள் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? காங்கேயத்தில் அப்படிச் சொன்னவர் யாரும் இல்லை. சொல்லியே தீர வேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு: எண்ணெய் மில் கதிர்வேல். அதுவும் சொந்த மனைவியிடம் சொல்ல வேண்டியிருந்தது.

வடக்கே மலையில் பூமி ஆடி ஐந்து நாள் ஆகியிருந்தது. ஒரு பள்ளத்தாக்கில் நானூறு வீடுகள் விழுந்து, சனங்கள் மழையில் கிடந்தார்கள். கதிர்வேல் செயலாளராக இருக்கிற அறக்கட்டளை, வீட்டுக்கு ஒரு மூட்டை அனுப்புவதாக ஏற்றுக்கொண்டது. தார்ப்பாய், கம்பளி, அரிசி, பருப்பு, ஒரு பாத்திரம். இவ்வளவுதான் அவர் எழுதிக் கொடுத்த பட்டியல். கட்டுகிற பொறுப்பை மனைவி சென்னியம்மாளிடம் விட்டார். நாற்பது கல்யாணத்துக்குச் சீர் கட்டிய கை அது.

கல்யாண மண்டபத்தில் இருபது பெண்கள் மூன்று நாள் கட்டினார்கள். மஞ்சள் சேர்ந்தது. புடவை சேர்ந்தது, புடவை தனியாகப் போகக் கூடாதென்று ரவிக்கைத் துணி சேர்ந்தது. மூட்டைக்கு ஐந்து தேங்காய். தாராபுரத்து ராமாத்தாள் ஒரு டெம்போ நிறைய ஊறுகாய் பாட்டிலோடு வந்து இறங்கினாள். கதிர்வேலும் தன் பங்குக்கு மூட்டைக்கு ஒரு டின் தேங்காய் எண்ணெய் வைத்தார், இரண்டு லிட்டர். டின்மேல், மில்லை ஆரம்பித்த அவர் அப்பா அங்கப்பனின் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் நவ்யா போன் செய்தாள். போத்தனூர்ப் பெண். சாமான் வந்தால் வாங்கிப் பிரித்துக் கொடுக்க, அறக்கட்டளை அவளை முன்னாலேயே மலைக்கு அனுப்பியிருந்தது.

"ஏனுங்ணா, ஒரு மூட்டை என்ன எடை வருதுங்க?"

"அது வந்து கண்ணு, இருவத்தொரு கிலோ."

"உள்ள கல்லு ஏதாச்சும் வெச்சுக் கட்டறீங்களாண்ணா?"

"கல்யாணச் சீராட்டம் ஆயிப்போச்சு கண்ணு."

"கடைசி நாலு கிலோமீட்டர் ரோடே இல்லீங்ணா. முதுகுல தூக்கோணும். பன்னெண்டரைக்கு மேல வேண்டாமுங்க. நாளைக்கு ரயில்லயும் நமக்கு அஞ்சு டன்னுக்குத்தான் எடம். இந்த எடையில எரநூத்தி முப்பத்தெட்டு மூட்டை ஏறும். மீதி ஊட்டுக்காரங்க நனைஞ்சுட்டு நிக்கறாங்க. அவிங்ககிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

கதிர்வேல் போனை ஸ்பீக்கரில் போட்டு, கையில் ஏந்திக்கொண்டு மண்டபத்துக்குள் போனார். நவ்யா சொன்னதை அப்படியே சொன்னார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"அம்மணி, கொஞ்சம் எறக்கோணுமாட்ட இருக்குது."

"எதைங்க?" என்றாள் சென்னியம்மாள்.

"இந்த ஊறுகாயை."

ராமாத்தாள் நிமிர்ந்தாள். "ஏந்தம்பி, ஊறுகா இல்லாம வெறுஞ்சோத்தையா முழுங்குவாங்க?"

"செரீங்க்கா. அப்பத் தேங்காயை."

"தேங்கா இல்லாம அனுப்பறதுக்கு இதென்ன எழவு ஊடா?"

சொல்லிவிட்டு ராமாத்தாளே வாயை மூடிக்கொண்டாள். மலையில் முக்கால்வாசி எழவு வீடுதான் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

"பொறவு?" என்றாள் சென்னியம்மாள்.

"பொறவு புடவை. மஞ்சள்."

"பொறவு?"

"அவ்வளவுதான்."

"எண்ணெயைப் பத்திப் பேச்சையே காணோமுங்களே."

"எண்ணெய் வேணும் அம்மணி. சமைக்கறதுக்கு வேணுமில்ல."

போனுக்குள்ளிருந்து நவ்யா பேசினாள். "இந்தக் குளுருக்கு அது கட்டியாப் போயிருமுங்ணா. கத்தியிலதான் வெட்டி எடுக்கோணும்."

"கொஞ்சம் வெயில்ல வெச்சா உருகிரும் கண்ணு."

"வெயிலைத்தானுங்ணா ஒம்பது நாளா நாங்களும் தேடறோம்."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கதிர்வேலுக்குக் காது சூடாகிவிட்டது. நானூறு வீட்டில், பாஷை தெரியாத ஊரில், அப்பா படம் அடுப்படியில் இருக்கப்போகிறது என்று அவர் மூன்று நாளாக மனசுக்குள் பார்த்து வைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சென்னியம்மாளிடம் சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

கிட்டத்தில் இருந்த மூட்டையை அவிழ்த்தார். டின்னை வெளியே எடுத்து, படம் சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்தார்.

சென்னியம்மாள் அதைத் திருப்பி நேராக வைத்தாள். ராமாத்தாளைப் பார்த்தாள். "எங்க மாமனாரே எறங்கிப்போட்டாரு. உங்க ஊறுகா எறங்கினா என்னுங்க்கா?"

ராமாத்தாள் யோசித்தாள். போனுக்குப் பக்கத்தில் வந்து, தூரத்துக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகப் பேசினாள். "அம்மணி, அந்தச் சனங்ககிட்ட ஒண்ணு சொல்லிப்போடு. நாங்க எல்லாமே வெச்சோம், ரயிலுதான் வேண்டாம்னுருச்சுன்னு சொல்லு. கஞ்சம் புடிச்சவங்கன்னு நெனச்சுப்போடுவாங்க."

"சொல்லிப்போடறனுங்க்கா."

"மறந்துபோடாத."

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. மில்லிலிருந்து கொப்பரைத் தேங்காய் நிறுக்கிற தராசு வந்தது. நானூறு மூட்டையையும் அவிழ்த்து, பட்டியல் சாமானை மட்டும் தட்டில் குவித்து, பன்னிரண்டரை வந்ததும் திரும்பக் கட்டினார்கள். முள் கொஞ்சம் தாண்டினால் சென்னியம்மாள் ஒரு பிடி பருப்பை எடுத்தாள். எடுக்கும்போதெல்லாம் கதிர்வேலை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சாக்கு தைக்கிற ஊசியில் நூல் கோக்கிறவர் போலக் குனிந்துகொண்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு லாரி கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போத்தனூர் ரயில் நிலையத்தில் மூட்டைகளை எடை போட்டார்கள். சாக்கின் எடையை யாரும் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மூட்டைகள் ஏறின. எட்டு நின்றன. கதிர்வேல் நவ்யாவுக்கு போன் செய்து, எட்டு குறைகிறது என்று சொன்னார். "அந்த எட்டு ஊட்லயும் ரயிலுதான் வேண்டாம்னுருச்சுன்னு சொல்லிப்போடறனுங்ணா," என்றாள் நவ்யா.