சங்கக்கடையில் கேட்ட சிரிப்பு

நல்லரத்தினத்துக்குச் சீதேவி கிடைத்ததே அவளுடைய முன்பல் மூன்று போனதால்தான். ஊரில் எவரும் அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, அவனுக்கே தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மூண்டு நாவற்குடாச் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஓடியபோது, நெரிசலான தோணியில் யாரோ ஒருவருடைய தகர றங்குப்பெட்டி சரிந்து சீதேவியின் வாயில் விழுந்தது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. களுவாஞ்சிக்குடியிலிருந்த மாமி மகன் தம்பிராசாவுக்கு அவளைக் கலியாணம் செய்துகொடுப்பதாகப் பேச்சு இருந்தது. சனம் ஊர் திரும்பிய பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கொஞ்சக் காலம் பார்த்துவிட்டு மாமி வீட்டார் வேறிடத்தில் பெண் எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான், அவளைவிட வயதில் நன்றாக மூத்தவனும் ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பவனுமான தையற்காரன் நல்லரத்தினம் கேட்டு வந்தான். உடனே கொடுத்தார்கள்.

சீதேவிக்குச் சீதனமாக எழுதியிருந்த வீட்டுக்கு வந்து குடியேறினான். பிள்ளைகள் இல்லை. ஆனால் குறையென்று ஒன்றும் இருக்கவில்லை. அவள் கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்தாள். வீதிக்கு இந்தப் பக்கம், நேர் எதிரே, அவனுடைய தையல் மெசின். கழற்றி மாட்டும் பல் ஒன்று கட்டிப் பார்த்தாள். ஒரு கலியாண வீட்டில் அது பாயசக் கிண்ணத்துக்குள் விழுந்தது. அன்றோடு அதை மாட்டுவதை விட்டாள். பேசும்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். நல்லரத்தினம் தைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்ப்பான். கை வாயில் இருக்கும். அவனுக்கு மனம் நிறையும்.

சமாதான காலம் வந்ததும் சுவிசிலிருந்து அவளுடைய தமையன் வினாயகமூர்த்தி வந்து இறங்கினான். தங்கச்சி வாயை மூடிக்கொண்டு சோறு தின்பதைப் பார்த்து அவன் கண் கலங்கிவிட்டான்.

“இப்ப எலும்புக்குள்ள இஸ்குறூ வெச்சு அதுக்கு மேல பல்லுப் பூட்டுறாங்க. கழட்டத் தேவையில்ல, விழாது. கொழும்பில செய்யலாம், நான் பாக்கிறன்” என்றான்.

மூவரும் வெள்ளவத்தைக்குப் போனார்கள். டொக்டர் இளம் வயசுக்காரர். சீதேவியின் நாடியை இரண்டு விரலால் உயர்த்தி, “வெக்கப்படாமச் சிரிங்க, பாப்பம்” என்றார். அவள் சிரித்தாள்! பதினொரு வருடம் கட்டி வாழ்ந்தவனுக்குக் காட்டாததை, அரைமணி நேரம் பழகியவனுக்குக் காட்டினாள். நல்லரத்தினம் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிலும் பல்தான்.

பல் முரசைக் கீறி, எலும்பில் இரண்டு இஸ்குறூ பதித்தார். எலும்பு அவற்றைப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்காகும், பிறகு வந்தால் மேலே பல் பூட்டலாம் என்றார். வெளிக்கிடும்போது, “உங்கட பழைய படம் ஒண்டு கொண்டு வாங்க. உங்கட பல்லு இருந்த மாதிரியே செய்யலாம்” என்று சொன்னார்.

அவள் வீட்டுப் படங்களெல்லாம் அந்த ஓட்டத்தோடு போய்விட்டன. யோசித்து யோசித்து, “களுவாஞ்சிக்குடி மாமி வீட்டில இரிக்கும். மச்சாள் பெரியபுள்ளையான சாமத்திய வீட்டில எடுத்தது” என்றாள்.

“நீ போகாத, நான் போய் எடுத்திட்டு வாறன்” என்று அவசரமாகச் சொன்னான் நல்லரத்தினம்.

தம்பிராசா இப்போது பள்ளிக்கூட மாஸ்டர். தலை வழுக்கை, வயிறு முன்னுக்குத் தள்ளியிருந்தது. அவனுடைய பெண்சாதிதான் அல்பத்தைத் தேடி எடுத்துவந்து, தேத்தண்ணியும் கொடுத்தாள். படத்தைக் கழற்றிக் கொடுக்கும்போது தம்பிராசா சாதாரணமாகத்தான் சொன்னான்.

“அவள் சிரிச்சா வளவு முழுக்கக் கேக்கும். இப்பவும் அப்பிடித்தானா?”

“ஓம்” என்றான் நல்லரத்தினம். மீதித் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினான்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் படத்தைப் பார்த்தான். பதினேழு வயதுச் சீதேவி தலையைப் பின்னால் எறிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் கொஞ்சம் ஏறியிருந்தது. கண் படத்துக்கு வெளியே யாரையோ பார்த்தது. யாரை? அந்த ஆளின் முகத்தை அவன் ஆரையம்பதி வரையில் வரைந்து வரைந்து பார்த்தான். எப்படி வரைந்தாலும் அது வழுக்கை விழாத தம்பிராசாவாகவே வந்தது.

வீட்டுக்கு வந்து, “படம் தண்ணி பட்டுப் பழுதாப் போச்சாம்” என்று சொன்னான். படம் தையற்கடையில் வெட்டுத்துணிப் பைக்குள் போனது. சீதேவி “பறவாயில்ல” என்றாள்.

பல் பூட்டப் போகவேண்டிய தறுவாயில் கிழக்கில் போராளி இயக்கம் இரண்டாகப் பிளந்தது. எங்கும் பயம். நல்லரத்தினத்துக்கு அது வாய்ப்பாகப் போயிற்று. “பாதை சரியில்ல புள்ள. வெலிக்கந்தைக்கு அங்கால ஒருத்தரையும் விடுறானில்லையாம்” என்றான். சண்டை ஓய்ந்து பஸ்ஸெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகும் அதையே சொன்னான். நாட்டில் நடந்த சண்டை அவன் மனதிலிருந்ததை நன்றாக மூடிக்கொடுத்தது.

காத்தான்குடியில் சீலைக்கடை வைத்திருந்த றம்லா ஒருநாள் சங்கக்கடைக்கு வந்தாள். “நேத்துத்தான் கொழும்புக்குப் போய் வந்த நாங்க. ஒரு கரச்சலும் இல்ல தங்கச்சி” என்றாள்.

அன்று பின்னேரம் சீதேவி கேட்டாள். “பாதை திறந்துதானே கிடக்கு. ஏன் இல்லையெண்டு சொன்னீங்க?”

“உனக்கு இப்ப என்ன குறை? இப்பவும் வடிவாத்தானே இரிக்காய்.”

“அது உங்களுக்கு. கடிச்சுத் தின்னுறது நான்” என்றாள். அடுத்த கிழமை றம்லாவின் வான் வண்டியில் ஏறிப் போனாள். அவனைக் கூப்பிடவில்லை.

திரும்பி வந்தபோது வாயில் மூன்று புதுப்பல் இருந்தது. வெள்ளையாக, நேராக, ஒன்றுக்கொன்று ஒட்டி. அவன் “நல்லாரிக்கு” என்றான். அவள் தலையாட்டினாள். அவனுக்குச் சிரித்துக் காட்டவில்லை.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலை, நீளக் காற்சட்டை ஒன்றின் விளிம்பை அடித்துக்கொண்டிருந்தபோது, மெசின் சத்தத்தையும் மேவிக்கொண்டு வீதிக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. பெரிய, கணகணவென்ற சிரிப்பு. அவன் கால் மிதியில் நின்றுவிட்டது. தம்பிராசா சொன்ன அதே சிரிப்பு! பேக்கரிப் பாண்காரன் பிலிப்பு ஏதோ பகிடி விட்டிருக்க வேண்டும். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இழுத்து இழுத்து வீதியைக் கடந்து போனான். “என்ன பகிடி இஞ்ச? எனக்கும் சொல்லுங்களன்!” என்று கத்தினான். சனம் அடங்கியது. பிலிப்பு தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். சீதேவியின் கை பழைய பழக்கத்தில் வாய்வரை போனது. பாதியில் நின்று, தராசுக்குத் திரும்பியது.

வீட்டுக்கு வந்ததும், “கடையில வந்து என்னத்துக்குக் கத்தினீங்க?” என்று கேட்டாள்.

அவனால் பொறுக்க முடியவில்லை. தையற்கடைக்குப் போய் வெட்டுத்துணிப் பையைக் கிளறிப் படத்தை எடுத்துவந்து அவள் முன்னால் போட்டான். “ஆரைப் பாத்து இப்பிடிச் சிரிச்ச? அதைச் சொல்லு முதல்ல!”

தன் பொய்யைத் தானே எடுத்துப் போட்டுவிட்டோம் என்பது அவனுக்குப் பிறகுதான் உறைத்தது.

சீதேவி படத்தைக் கையிலெடுத்தாள். அவன் கேள்வி அவள் காதில் ஏறவேயில்லை. படத்திலிருந்த அந்த ஏறுபல்லையே பார்த்தாள். நாக்கால் தன் புதுப்பல்லைத் தடவினாள்.

“இது இருந்திருந்தா என்ட பல்லையே செய்து தந்திரிப்பாரு” என்றாள். “கண்ணாடியில பாக்கிற நேரமெல்லாம், இது ஆரிட வாய் எண்டு இரிக்கு எனக்கு.”

“திரும்பிப் போய் மாத்துவம். நான் கூட்டிட்டுப் போறன்.”

“வேணாம். இதுக்கும் நோப்பட்டது நான்தான்.”

“ஆரைப் பாத்த எண்டாவது சொல்லு.”

“ஞாபகமில்ல” என்றாள். அது உண்மையா பொய்யா என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது.

வெகுநாள் அவள் தேவைக்கு மட்டும் பேசினாள். எதிர்க்கடையில் சிரிப்புக் கேட்கும். அவன் எழும்பிப் போகவில்லை, மிதியை இன்னும் வேகமாக மிதித்தான். சாப்பிடும்போது ஒன்றிரண்டு பகிடி சொல்லிப் பார்த்தான், அதிலொன்று பிலிப்புவிடம் காது கொடுத்துப் பிடித்தது. அவள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

மாரி தொடங்கிய பிறகு ஒருநாள், வாடிக்கைக்காரனுடைய காற்சட்டையோடு தான் உடுத்திருந்த சாரத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டு, எழும்ப முடியாமல் கதிரையோடு சரிந்தான். சோறு கொண்டுவந்த சீதேவி பார்த்துவிட்டாள். வாய் திறந்து, தலையைப் பின்னால் எறிந்து, வீதி முழுக்கக் கேட்கச் சிரித்தாள். கை மேலே போகவேயில்லை.

நிலத்தில் கிடந்தபடியே நல்லரத்தினம் அதைப் பார்த்தான். நெஞ்சு நிரம்பியது. அதே கையோடு, சங்கக்கடையில் சிரித்தது இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்ததோ என்று ஒரு யோசனையும் ஓடியது.